ஃபுல்ஸ்கிரீனில் மட்டும் வெக்டர் பட்டைகளுக்கு நடுவே மெல்லிய கோடுகள்: ரெண்டரர் பிழையா, என் பிழையா?

மெல்லியகோடு எழுதியது (#1)

வணக்கம். இரண்டு நாளாக மண்டையை உடைத்துக்கொள்கிறேன், யாராவது கைகொடுங்கள்.

ஏஎஸ்எஸ் ஸ்கிரிப்ட், அதாவது வசனத்தோடு வடிவங்களும் வரையக்கூடிய சப்டைட்டில் கோப்பு. வீடியோ 1280×720, ஸ்கிரிப்ட்டின் பிளேரெஸ்ஸும் (இடங்களை எண்ண ஸ்கிரிப்ட் எடுத்துக்கொள்ளும் திரை அளவு) அதே அளவு. திரையின் கீழ்ப்பாதியில் 360 பிக்சல் உயரத்துக்கு, கருநீலத்திலிருந்து கொஞ்சம் வெளிறிய நீலத்துக்கு மெதுவாக மாறும் ஒரு பின்னணி வரைந்திருக்கிறேன். 72 பட்டைகள், ஒவ்வொன்றும் 5 பிக்சல் உயரம், ஒவ்வொன்றும் தனி வரி. ஏஜிசப் (சப்டைட்டில் எடிட்டர்) பிரிவியூவில் எவ்வளவு பெரிதாக்கிப் பார்த்தாலும் வழவழவென்று இருக்கிறது. எம்பிவி பிளேயரில் ஃபுல்ஸ்கிரீன் போட்டால் பட்டைகளுக்கு இடையே முடி மாதிரி கோடுகள். பின்னால் இருக்கும் வீடியோ அதன் வழியே எட்டிப் பார்க்கிறது.

கூடவே இன்னும் இரண்டு தொல்லை. ஒரு பெயர்ப்பலகையை மறைக்க வட்டமுனைப் பெட்டி வரைந்தேன்; ஸ்டைலை மாற்றியதும் அது இடம் நகர்ந்துவிட்டது. இன்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் செய்த வளைய லோகோ ஒன்று, இங்கே வந்ததும் நடு ஓட்டை அடைத்துக்கொண்டு தட்டு மாதிரி தெரிகிறது.

(டேக்குகளை, அதாவது வரிக்குள் எழுதும் கட்டளைகளை, வாயால் சொல்வது போலவே எழுதுகிறேன். சாய்கோடு போட்டால் இந்தப் பெட்டி அதை விழுங்கிவிடுகிறது.)

---

சுட்டெலி எழுதியது (#2)

கிராஃபிக்ஸ் டிரைவரைப் புதுப்பித்துப் பாருங்கள். எனக்கும் ஒருமுறை திரையில் கோடு கோடாக வந்தது, டிரைவர் மாற்றியதும் போய்விட்டது.

---

மெல்லியகோடு எழுதியது (#3)

புதுப்பித்தாகிவிட்டது, பலன் இல்லை. ஒரு விசித்திரம் கவனித்தேன்: வீட்டில் இருக்கும் 4கே திரையில் அதே கோப்பு, அதே பிளேயர், ஒரு கோடுகூட இல்லை. 1080 திரையில்தான் வருகிறது. ஜன்னலின் மூலையைப் பிடித்து இழுத்தால் கோடுகள் தோன்றித் தோன்றி மறைகின்றன.

---

பிசிறுவெட்டி எழுதியது (#4)

அந்த விசித்திரத்தை முதல் பதிவிலேயே சொல்லியிருந்தால் டிரைவருக்கு ஒரு பதிவு மிச்சமாகியிருக்கும். :)

ஒரே ஒரு கேள்வி. 1080 திரையில் கோடுகளை எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு பட்டைக்கும் நடுவே வருகிறதா, ஒன்றுவிட்டு ஒன்றா?

---

மெல்லியகோடு எழுதியது (#5)

ஒன்றுவிட்டு ஒன்று! எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?

---

பிசிறுவெட்டி எழுதியது (#6)

வாய்ப்பாடுதான்.

உங்கள் ஸ்கிரிப்ட் 720 உயரம், திரை 1080. எல்லா எண்ணும் 1.5-ஆல் பெருகும். முதல் பட்டையின் அடி ஓரம் 5, அது 7.5 ஆகிறது. அடுத்த ஓரம் 10, அது 15. அதற்கடுத்தது 15, அது 22.5. அதாவது ஒன்றுவிட்டு ஒரு ஓரம் பிக்சலின் நட்டநடுவில் போய் விழுகிறது. 4கே திரையில் உயரம் 2160, பெருக்கம் சரியாக 3. எல்லா ஓரமும் முழு எண். கோடு வர வழியே இல்லை.

பிக்சலின் நடுவில் ஓரம் விழுந்தால் என்ன ஆகும்? ரெண்டரர், அதாவது சப்டைட்டிலைத் திரையில் வரையும் நிரல், ஆன்டி-ஏலியாசிங் (ஓரத்தை வழவழப்பாக்குவது) செய்கிறது. மேல்பட்டை அந்தப் பிக்சலில் பாதியை மூடுகிறது, ஆகவே அதை 50 சதவீத அடர்த்தியில் பூசுகிறது. வீடியோ பாதி தெரிகிறது. பிறகு கீழ்ப்பட்டை வருகிறது. அதுவும் பாதிப் பிக்சல், அதுவும் 50 சதவீதம். மிச்சமிருந்த பாதியில் பாதியைத்தான் அது மறைக்கிறது. கணக்குப் போட்டால் 75 சதவீதம் மூடியாகிவிட்டது, கால் பங்கு வீடியோ கசிகிறது. உங்கள் பட்டைகள் கருநீலம், பின்னால் இருப்பது வெளிச்சமான காட்சி என்று நினைக்கிறேன். அந்தக் கால் பங்குதான் முடி மாதிரி தெரிகிறது.

மேல்பட்டை மேல்பாதியை மூடியது, கீழ்ப்பட்டை கீழ்ப்பாதியை மூடியது, இரண்டும் சேர்ந்தால் முழுசு என்பது நமக்குத் தெரியும். ரெண்டரருக்குத் தெரியாது. அது ஒரு பிக்சலுக்கு ஒரு சதவீதத்தை மட்டும் நினைவில் வைக்கிறது. எந்தப் பாதி என்பதை அப்போதே மறந்துவிடுகிறது. தனித்தனி வரிகளை ஒன்றன் மேல் ஒன்றாகப் பூசும் எந்த வரைகலை மென்பொருளிலும் இதே சங்கதிதான். எஸ்விஜி என்ற வெக்டர் படத்தை உலாவியில் பெரிதாக்கினாலும் ஒட்டி நிற்கும் இரண்டு வடிவங்களுக்கு நடுவே இந்தக் கோட்டைப் பார்க்கலாம்.

---

சுட்டெலி எழுதியது (#7)

அப்படியானால் ஏஜிசப்பில் பெரிதாக்கும்போது ஏன் வரவில்லை?

---

பிசிறுவெட்டி எழுதியது (#8)

ஏஜிசப் சப்டைட்டிலை வீடியோவின் சொந்த அளவில், அதாவது 1280×720-இல் வரைந்துவிட்டு, அந்தப் படத்தைத்தான் பெரிதாக்கிக் காட்டுகிறது. வரையும்போது எல்லா ஓரமும் முழுப் பிக்சலில். பிறகு ரப்பர் மாதிரி இழுத்தாலும் இடைவெளி புதிதாகப் பிறக்காது. எம்பிவி அப்படியல்ல. அது இயல்பாகத் திரையின் அளவிலேயே சப்டைட்டிலை வரைகிறது. எழுத்துகள் கூர்மையாக இருப்பது அதனால்தான், இந்தக் கோடுகள் வருவதும் அதனால்தான்.

நான் சொல்வதை நம்ப வேண்டாம், சோதித்துப் பாருங்கள். எம்பிவியில் பிளெண்ட்-சப்டைட்டில்ஸ் என்ற அமைப்பை 'வீடியோ' என்று வைத்துத் திறங்கள். அப்போது அது சப்டைட்டிலை வீடியோவின் அளவில் வரைந்து, வீடியோவோடு சேர்த்துப் பெரிதாக்கும். கோடுகள் மறைந்தால் நோய் இதுதான்.

---

மெல்லியகோடு எழுதியது (#9)

மறைந்துவிட்டன. ஒன்றுகூட இல்லை. ஆனால் பார்ப்பவர்கள் எல்லோரையும் அந்த அமைப்பை மாற்றச் சொல்ல முடியாதே. ஸ்கிரிப்ட்டிலேயே செய்ய ஏதாவது இருக்கிறதா?

---

சுட்டெலி எழுதியது (#10)

பட்டையை 6 பிக்சல் ஆக்கிவிடுங்கள். 6 × 1.5 = 9. முழு எண். முடிந்தது.

---

பிசிறுவெட்டி எழுதியது (#11)

1080-இல் முடிந்தது. 1366×768 மடிக்கணினியில் பெருக்கம் 1.0667. 6 அங்கே 6.4 ஆகும், கோடு திரும்பி வரும். ஜன்னலை இழுப்பவர் ஒருவர் இருந்தால் எந்த எண்ணும் உங்களைக் காப்பாற்றாது. பார்ப்பவரின் திரை அளவை ஊகித்து ஸ்கிரிப்ட் எழுதுவது மணலில் கோலம் போடுவது மாதிரி.

சுவருக்கு வெள்ளையடிப்பவர் எப்படிச் செய்வார்? ஒரு பூச்சு முடியும் கோட்டில் அடுத்த பூச்சைத் தொடங்க மாட்டார், மேலேறித்தான் தொடங்குவார். அதையே செய்யுங்கள். ஒவ்வொரு பட்டையும் தன் இடத்தில் தொடங்கட்டும், ஆனால் அடி வரைக்கும் நீளட்டும். முதல் வரி முழு 360 உயரமும் மூடுகிறது. இரண்டாவது வரி 5-இல் தொடங்கி அடி வரை. மூன்றாவது 10-இல் தொடங்கி அடி வரை. பின்னால் வருவது முன்னால் போனதன் மேல் பூசப்படும். லேயர் எண்ணையும் ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டே போனால் எது மேலே என்பதில் எந்த ரெண்டரருக்கும் குழப்பம் இருக்காது.

இப்போது அந்த 7.5-ஐப் பாருங்கள். அந்தப் பிக்சலை முதல் பட்டை முழுதாக மூடியிருக்கிறது. இரண்டாவது பாதியளவு பூசுகிறது. கிடைப்பது இரண்டு நீலங்களின் சராசரி. வீடியோவுக்கு அங்கே வேலையே இல்லை.

இன்னொன்று, 72 பட்டை தேவையா என்று யோசியுங்கள். உங்கள் இரண்டு நீலங்களுக்கும் எந்த வண்ணத்திலும் 40 படிக்கு மேல் வித்தியாசம் இல்லாவிட்டால், 40-ஐத் தாண்டிப் போடும் பட்டைகளால் கண்ணுக்குத் தெரியும் லாபம் பெரிதாக இருக்காது.

---

இரவுநேர_டைமர் எழுதியது (#12)

நானும் இந்தக் கூத்தையெல்லாம் ஆடியவன்தான். கடைசியில் ஒரே முடிவுக்கு வந்தேன்: இப்படிப்பட்ட வேலைகளை வீடியோவிலேயே பதித்துவிடுங்கள். எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ மாற்றும் நிரலின் சப்டைட்டில் ஃபில்டர், லிப்ஏஎஸ்எஸ் என்ற ரெண்டரரைக் கொண்டுதான் வரைகிறது, அதுவும் வீடியோ அளவில். நீங்கள் பார்த்ததே பார்ப்பவருக்கும் போகும். எவன் எந்தத் திரை வைத்திருந்தால் என்ன?

---

பிசிறுவெட்டி எழுதியது (#13)

> பார்த்ததே பார்ப்பவருக்கும் போகும்

போகும். எழுத்துப்பிழையும் போகும். பதித்த பிறகு ஒரு ஒற்று விட்டுப்போனது தெரிந்தால் வீடியோ முழுவதையும் மறுபடி என்கோட் செய்ய வேண்டும். ஒவ்வொரு முறையும் தரம் கொஞ்சம் குறையும். சப்டைட்டில் வேண்டாம் என்பவர் அணைக்கவும் முடியாது. வட்டமுனைப் பெட்டி ஒன்றுக்காக அதையெல்லாம் விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வராது.

---

இரவுநேர_டைமர் எழுதியது (#14)

ஒரு காட்சியில் கேமரா நகர்ந்தது. பலகையும் நகர்ந்தது. 72 பட்டைப் பின்னணி, நான்கு வினாடி, அதாவது சுமார் 96 ஃபிரேம். ஃபிரேமுக்கு ஃபிரேம் வரி போட்டால் 6912 வரிகள், ஒரே பலகைக்கு. அதை ஒரு பழைய கணினியில் ஓட்டிப் பாருங்கள், அப்புறம் மனம் வரும்.

ஆனாலும் எழுத்துப்பிழை விஷயத்தில் நீங்கள் சொல்வது சரிதான். நானும் பட்டிருக்கிறேன்.

---

மெல்லியகோடு எழுதியது (#15)

பிசிறுவெட்டி, அடி வரை நீட்டும் வழி அருமையாக வேலை செய்தது. 40 பட்டையாகக் குறைத்தேன், கண்ணுக்கு வித்தியாசமே தெரியவில்லை. ஜன்னலை எப்படி இழுத்தாலும் கோடு வரவில்லை.

ஆனால் ஆசை யாரை விட்டது? பின்னணி கீழே போகப் போகக் கரைந்து மறைய வேண்டும் என்று ஒவ்வொரு பட்டைக்கும் ஆல்ஃபா (ஒளிபுகும் அளவு) மாற்றினேன். எல்லாம் தலைகீழாகிவிட்டது. கரைய வேண்டிய அடிப்பகுதிதான் மிக அடர்த்தியாக இருக்கிறது.

---

பிசிறுவெட்டி எழுதியது (#16)

ஆமாம், அந்த வழி ஒளிபுகாத நிறத்துக்கு மட்டும்தான். பாதி ஒளிபுகும் இரண்டு பூச்சு ஒன்றன் மேல் ஒன்று விழுந்தால் 75 சதவீதம் ஆகிவிடும், மூன்று விழுந்தால் 87.5. அடியில் உங்கள் 40 பட்டையும் குவிந்திருக்கிறது.

கரைவதற்குச் செவ்வகக் கிளிப் பயன்படுத்துங்கள்; வடிவத்தில் எந்தப் பகுதி மட்டும் தெரிய வேண்டும் என்று சொல்லும் டேக் அது. பட்டைகளைச் சின்னச் சின்ன வடிவமாக வரையாமல், எல்லா வரியிலும் ஒரே முழுப் பெரிய செவ்வகத்தையே வரையுங்கள். ஒவ்வொரு வரிக்கும் கிளிப் மட்டும் மாறட்டும்: 0 முதல் 9 வரை, 9 முதல் 18 வரை என்று. செவ்வகக் கிளிப்புக்கு ஆன்டி-ஏலியாசிங் கிடையாது; முழுப் பிக்சலில்தான் வெட்டும். 9 என்பது 13.5 ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மேல்வரியும் அதே 13.5, கீழ்வரியும் அதே 13.5, இரண்டையும் ஒரே மாதிரிதான் முழு எண்ணாக்கும். அதனால் இடைவெளியும் விழாது, மேலடுக்கும் விழாது. பட்டைகளின் உயரம் ஒரு பிக்சல் கூடும், குறையும். அதைக் கண்ணால் பிடிக்க முடியாது.

வெக்டர் கிளிப்பை இதற்கு எடுத்துவிடாதீர்கள். அதன் ஓரம் வழவழப்பாக வரும், அதாவது அதே பாதிப் பிக்சல் வியாதி. இரண்டு கிளிப்புக்கும் புள்ளிகள் திரையைப் பொறுத்தவைதான், பாஸ் (வரியின் இடத்தைச் சொல்லும் டேக்) கொடுத்த இடத்தைப் பொறுத்தவை அல்ல. மூவ் போட்டு வடிவத்தை நகர்த்தினாலும் கிளிப் நின்ற இடத்தில் நிற்கும். செவ்வகக் கிளிப்பை டி (அசைவூட்டும்) டேக்கால் நகர்த்தலாம், வெக்டர் கிளிப்பை அதுவும் முடியாது.

இன்னும் சோம்பேறியான வழியும் உண்டு. ஒரே ஒரு செவ்வகம், அதற்குப் பெரிய ப்ளர், வேண்டாத பக்கங்களைக் கிளிப்பால் வெட்டிவிடுவது. ஒரே வரியில் கரைதல் கிடைக்கும். நான் பெரும்பாலும் இதைத்தான் செய்கிறேன்.

---

மெல்லியகோடு எழுதியது (#17)

ப்ளர் போட்டுப் பார்த்தேன். ஓரத்தில் ஒரு கறுப்பு நிழல் மட்டும் மங்குகிறது, நீலப் பெட்டி கத்தி மாதிரி அப்படியே நிற்கிறது.

---

இரவுநேர_டைமர் எழுதியது (#18)

ஸ்டைலில் அவுட்லைன் எவ்வளவு? 2, 3 என்று ஏதாவது இருக்கும். அவுட்லைன் இருந்தால் ப்ளர் அதை மட்டும்தான் மங்கலாக்கும், உள்நிரப்பைத் தொடாது. விஎஸ்ஃபில்டர் என்ற பழைய ரெண்டரரின் காலத்திலிருந்து அப்படித்தான். லிப்ஏஎஸ்எஸ்ஸும் அதையே பின்பற்றுகிறது. போர்டு 0, ஷேடு 0 (அவுட்லைன், நிழல் இரண்டின் அளவு) என்று வரியிலேயே எழுதுங்கள்.

புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் இடறுகிற கல் இது. வெக்டர் வடிவம் என்பது ஏஎஸ்எஸ்ஸைப் பொறுத்தவரை ஒரு பெரிய எழுத்து, அவ்வளவுதான். எழுத்துக்கு எது பொருந்துமோ அது வடிவத்துக்கும் பொருந்தும். ஸ்டைலின் அவுட்லைன், நிழல், சுழற்சிக் கோணம், அகல உயரச் சதவீதம், அலைன்மென்ட் எல்லாமே.

உங்கள் பெட்டி நகர்ந்ததும் இதனால்தான் இருக்கும். பழைய ஸ்டைலில் அலைன்மென்ட் 7, புதியதில் 2. சரியா?

---

மெல்லியகோடு எழுதியது (#19)

சரியேதான். பெட்டி 400, 520-இல் தொடங்கி 880, 600-இல் முடிகிறது. பாஸ் 0, 0. ஸ்டைல் மாற்றியதும் இடதுபக்கம் 240-உம் மேலே 80-உம் நகர்ந்தது.

---

இரவுநேர_டைமர் எழுதியது (#20)

480 அகலத்தில் பாதி 240. உயரம் 80. கணக்கு நேராகிவிட்டது. ஏஎன் (அலைன்மென்ட் டேக்) 2 என்றால் பெட்டியின் அடி நடுப்புள்ளியை நங்கூரமாக எடுக்கும். அதனால் பாதி அகலம் இடப்பக்கமும் முழு உயரம் மேலேயும் தள்ளுகிறது. ஏஎன் 7 (இடதுமேல் மூலை), பாஸ் 0, 0 என்று வரியிலேயே போட்டுவிட்டால் வடிவத்தின் எண்ணும் திரையின் எண்ணும் ஒன்றாகிவிடும். அதற்கப்புறம் ஸ்டைலில் யார் கை வைத்தாலும் கவலையில்லை.

ஸ்டைலில் அகலம் 95 சதவீதம் என்று யாராவது வைத்திருந்தால் அதுவும் வடிவத்தைப் பிடிக்கும். உங்கள் 400 என்பது 380 ஆகும், 880 என்பது 836 ஆகும். சுருங்குவதோடு இடமும் மாறும். அதனால் எஃப்எஸ்சிஎக்ஸ் 100, எஃப்எஸ்சிஒய் 100 (அகல, உயரச் சதவீத டேக்குகள்) இரண்டையும் சேர்த்தே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நான் வடிவங்களுக்கென்று தனி ஸ்டைலே வைத்திருக்கிறேன்: அலைன்மென்ட் 7, எல்லாம் 100, மற்றதெல்லாம் 0. உரையாடல் ஸ்டைலில் வடிவம் வரைவது சமையல் கத்தியால் சவரம் செய்வது மாதிரி.

பாஸ் இல்லாமல் மட்டும் விட்டுவிடாதீர்கள். பாஸ் இல்லாத வரியை ரெண்டரர் சாதாரண வசனம் என்று நினைத்து, ஒரே லேயரில் வேறு வரி மோதாமல் இடம் ஒதுக்கும். என் முதல் ஸ்கிரிப்ட்டில் கீழே ஒரு பெட்டி போட்டேன், பாஸ் எழுத மறந்தேன். அது அடியில் உட்கார்ந்துகொண்டு வசனத்தையெல்லாம் திரையின் நடுவுக்குத் துரத்திவிட்டது. ரெண்டரரில் பெரிய பிழையைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

---

ழகரம் எழுதியது (#21)

தாமதமாக வருகிறேன். அந்த வளையத்தை யாரும் கவனிக்கவில்லை போல.

இன்க்ஸ்கேப்பில் நிரப்பு விதி இரண்டு உண்டு. ஒன்று இரட்டை-ஒற்றை விதி: ஒரு புள்ளியைச் சுற்றி எத்தனை கோடு என்று எண்ணும், இரட்டைப்படை என்றால் ஓட்டை. இரண்டாவது சுற்று விதி: கோடு எந்தத் திசையில் சுற்றுகிறது என்று பார்க்கும். வலஞ்சுழி ஒன்றுக்குக் கூட்டல் 1, இடஞ்சுழி ஒன்றுக்குக் கழித்தல் 1. மொத்தம் பூஜ்யம் என்றால்தான் ஓட்டை. லிப்ஏஎஸ்எஸ்ஸும் விஎஸ்ஃபில்டரும் இரண்டாவது விதிக்காரர்கள். உங்கள் வெளிவட்டமும் உள்வட்டமும் ஒரே திசையில் சுற்றுகின்றன என்று நினைக்கிறேன். 1-உம் 1-உம் 2. பூஜ்யம் இல்லை, ஆகவே அடைத்துக்கொண்டது.

இன்க்ஸ்கேப்பில் பாதையைப் பிரித்து, உள்வட்டத்தை மட்டும் தேர்ந்தெடுத்து, பாதை மெனுவில் திசையைத் திருப்பும் கட்டளை கொடுங்கள். பிறகு மறுபடி சேருங்கள். 1-உம் கழித்தல் 1-உம் பூஜ்யம். ஓட்டை திறந்துவிடும்.

தமிழ்த் தலைப்புகளை வடிவமாக மாற்றும்போது எனக்கு இதே பாடு. பார்ப்பவரின் கணினியில் அந்த எழுத்துரு இருக்காது என்று பயந்து ஒரு முழுத் தலைப்பையும் வடிவமாக்கினேன். கருவி எல்லாச் சுற்றையும் ஒரே திசைக்கு மாற்றிவிட்டது போல. எழுத்தின் சுழி எல்லாம் அடைத்துக்கொண்டு, மை கொட்டினாற்போல் ஆகிவிட்டது. பிறகு ஒவ்வொரு சுழியையும் தேடித் தேடித் திருப்பினேன்.

---

இரவுநேர_டைமர் எழுதியது (#22)

எழுத்துருவை எம்கேவி வீடியோ கோப்பிலேயே இணைப்பாக வைத்திருக்கலாமே?

---

ழகரம் எழுதியது (#23)

வைத்திருக்கலாம், இப்போது அதைத்தான் செய்கிறேன். எழுத்தாகவே விட்டால் பிழை திருத்தவும் எளிது. தலைப்பில் ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக உருமாற வேண்டும் என்றால் மட்டும் வடிவத்துக்குப் போகிறேன்.

எஸ்விஜியிலிருந்து கொண்டுவருபவர்களுக்கு இன்னும் சில. எஸ்விஜியில் சின்ன எம், சின்ன எல் என்றால் முந்தைய புள்ளியிலிருந்து எவ்வளவு தள்ளி என்று பொருள். ஏஎஸ்எஸ்ஸில் சின்ன எழுத்துதான் இருக்கிறது, ஆனால் எண்கள் எப்போதும் நேரடி இடம். அப்படியே வெட்டி ஒட்டினால் வடிவம் முழுக்க இடதுமேல் மூலையில் நூல்கண்டு மாதிரி சுருண்டு கிடக்கும். ஏஎஸ்எஸ்ஸுக்கு வில்லும் தெரியாது, இருபடி வளைவும் தெரியாது. எல்லாவற்றையும் முப்படி பேசியர் வளைவு ஆக்கித்தான் பி கட்டளைக்கு (ஆங்கில b) கொடுக்க வேண்டும். வட்டம் என்றால் நான்கு வளைவு. கைப்பிடி நீளம் ஆரத்தில் 0.5523 பங்கு. ஆரம் 100 என்றால் 55.23. உங்கள் வட்டமுனைப் பெட்டியின் முனைகளுக்கும் இதே எண்தான்.

---

பிசிறுவெட்டி எழுதியது (#24)

அந்த 55.23-இல் வரும் தசமப் புள்ளி பற்றி ஒரு வார்த்தை. பழைய ரெண்டரர்களை நம்பித் தசமம் எழுதாதீர்கள். வடிவத்தைத் தொடங்கும் பி டேக் (இது ஆங்கில p, வளைவுக் கட்டளை அல்ல) 1 என்றால் எண்கள் அப்படியே. பி 2 என்றால் பாதியாகும், பி 4 என்றால் எட்டில் ஒரு பங்காகும். பி 4 போட்டு எல்லா எண்ணையும் 8-ஆல் பெருக்கி முழு எண்ணாக எழுதினால், பிக்சலின் எட்டில் ஒரு பங்கு வரை துல்லியம் கிடைக்கும். 100.125 என்பது 801 ஆகிவிடும். படிக்க அசிங்கமாக இருக்கும், ஆனால் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி வரும்.

---

ழகரம் எழுதியது (#25)

நான் தசமமே எழுதுகிறேன், இதுவரை எந்தப் புகாரும் வரவில்லை. இரண்டு வருடம் கழித்துத் திறந்தால் படிக்க முடிய வேண்டும், எனக்கு அது முக்கியம்.

---

பிசிறுவெட்டி எழுதியது (#26)

உங்கள் ஸ்கிரிப்ட், உங்கள் இஷ்டம். நான் பழைய ஆள்.

---

மெல்லியகோடு எழுதியது (#27)

வளையம் திறந்துவிட்டது! திசையைத் திருப்பியதும் உடனே சரியானது. பெட்டிக்கு ஏஎன் 7 போட்டேன், இப்போது ஸ்டைலை எப்படி மாற்றினாலும் அசையவில்லை. கரையும் பின்னணிக்கு ஒற்றைச் செவ்வகமும் ப்ளரும். 72 வரி இருந்த இடத்தில் ஒரு வரி.

ஒன்றே ஒன்று பாக்கி. பெயர்ப்பலகையை மறைக்கும் பெட்டியின் நிறத்தை ஏஜிசப்பின் நிறத்தேர்வியால் வீடியோவிலிருந்தே எடுத்தேன். ஏஜிசப்பில் ஒட்டு தெரியவில்லை. ஒரு பிளேயரிலும் தெரியவில்லை. இன்னொரு பிளேயரில் மட்டும் பெட்டி லேசாகப் பச்சையடிக்கிறது. இதுவும் நான் எழுதாமல் விட்ட ஏதோ ஒன்றா?

---

பிசிறுவெட்டி எழுதியது (#28)

ஸ்கிரிப்ட்டின் தலைப்பகுதியைத் திறந்து ஒய்சிபிசிஆர் மேட்ரிக்ஸ் (வீடியோவின் நிறக்கணக்கு முறை) என்ற வரி இருக்கிறதா பாருங்கள். என்ன போட்டிருக்கிறது?

---

மெல்லியகோடு எழுதியது (#29)

டிவி.601 என்று இருக்கிறது. வீடியோ 709.

---

பிசிறுவெட்டி எழுதியது (#30)

விஎஸ்ஃபில்டர் பிறந்தது டிவிடி காலத்தில். எல்லா வீடியோவும் 601 என்றே அது எடுத்துக்கொண்டது. எச்டி வந்து வீடியோ 709 ஆனபோதும் பழைய ஸ்கிரிப்ட்டுகள் எல்லாம் அந்தத் தவறான நிறத்தைக் கண்ணால் பார்த்துப் பொருத்தி எழுதப்பட்டிருந்தன. பிழையைத் திருத்தினால் பழைய வேலை எல்லாம் கெடும். அதனால்தான் இந்தத் தலைப்பு வரி வந்தது: எந்த மேட்ரிக்ஸை மனதில் வைத்து இந்த நிறங்கள் எழுதப்பட்டன என்று ரெண்டரருக்குச் சொல்ல. வரியை மதிக்கும் பிளேயர் நிறத்தை அதற்கேற்பத் திரித்து, ஏஜிசப்பில் கண்ட நிறத்தையே கொண்டுவரும். மதிக்காத பிளேயர் எழுதியபடியே பூசும். ஒன்றில் ஒட்டுகிறது, ஒன்றில் ஒட்டவில்லை என்பது அதனால்.

ஏஜிசப்பில் ரெசல்யூஷன் மாற்றும் பெட்டியிலேயே மேட்ரிக்ஸ் மாற்றும் வசதி இருக்கிறது. 601-இலிருந்து 709-க்கு மாற்றுங்கள், நிறங்களையும் அதுவே சேர்த்து மாற்றிவிடும். தலைப்பு வரியை மட்டும் கையால் திருத்தினால் நிறம் பழையபடியே நிற்கும், கவனம். மாற்றிய பிறகு எழுதிய நிறமும் வீடியோவின் நிறமும் ஒரே கணக்கில் வரும், வரியை மதிக்காத பிளேயரிலும் ஒட்டு தெரியாது.

அதற்கு மேலும் சந்தேகம் இருந்தால் பெட்டியின் ஓரத்துக்கு ஒரு சின்ன ப்ளர் கொடுங்கள். நிற வித்தியாசம் கூர்மையான ஓரத்தில்தான் கண்ணைக் குத்தும். ஓரம் கரைந்திருந்தால் இரண்டு மூன்று படி வித்தியாசத்தை யாரும் பார்க்க மாட்டார்கள்.

---

புதுவரவு எழுதியது (#31)

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். எனக்கும் வெக்டர் வடிவத்தில்தான் சிக்கல். என் திரையில் வடிவமே வரவில்லை. அதற்குப் பதில் 'எம் 0 0 எல் 480 0 எல் 480 80' என்று வசனம் மாதிரி எழுத்தாக ஓடுகிறது. கதாநாயகன் கணக்குப் பாடம் எடுப்பது போல இருக்கிறது.

---

இரவுநேர_டைமர் எழுதியது (#32)

கோப்பை எஸ்ஆர்டியாக (வெறும் வசனக் கோப்பாக) மாற்றினீர்களா?

---

புதுவரவு எழுதியது (#33)

ஆமாம். டிவியில் ஏஎஸ்எஸ் ஓடவில்லை என்று இணையத்தில் கிடைத்த ஒரு கருவியால் மாற்றினேன்.

---

இரவுநேர_டைமர் எழுதியது (#34)

எஸ்ஆர்டிக்கு வடிவம் என்றால் என்னவென்றே தெரியாது. கருவி டேக்கைக் கழற்றிவிட்டு மிச்சத்தை வசனம் என்று எழுதிவிட்டது. மாற்றுவதற்கு முன் வடிவ வரிகளை எல்லாம் ஏஜிசப்பில் தேர்ந்தெடுத்து நீக்குங்கள். வரியைத் தேர்வு செய்யும் பெட்டியில் பி 1 டேக்கைத் தேடினால் மொத்தமாகக் கிடைக்கும். பி 2, பி 4 போட்டவை இருந்தால் அவற்றையும் தனியாகத் தேடுங்கள்.

வசனமும் வடிவமும் ஒரே வரியில் கலந்திருந்தால் மட்டும் பார்த்து நீக்குங்கள், வசனமும் சேர்ந்து போய்விடும்.

---

மெல்லியகோடு எழுதியது (#35)

709-க்கு மாற்றிவிட்டேன், இரண்டு பிளேயரிலும் ஒட்டு தெரியவில்லை. ப்ளர் 0.8 கொடுத்தேன்.

புதுவரவு நண்பரே, தேடும்போது பி 0 வரிகளையும் பாருங்கள். நான் ஒரு வரியில் பி 0 (வடிவத்தை முடிக்கும் டேக்) போட மறந்ததால் அதே வரியில் அடுத்து வந்த வசனத்தையே வடிவம் என்று நினைத்து ரெண்டரர் விழுங்கியிருந்தது. இந்த இழையைப் படித்துக்கொண்டே என் ஸ்கிரிப்ட்டைத் துழாவியபோது இப்போதுதான் கண்ணில் பட்டது. அந்த வசனம் காணாமல் போனதை ஒருவரும் என்னிடம் சொல்லவில்லை.